பிரிவுப் பத்தியில் ஏறிய சிங்கப்பூர்: சரத்தைப் பிரித்தபோது கண்டவை

செக்காலைவாசி
எங்கள் ஊர் நகரக் கோவிலின் புள்ளிப் பட்டியலை, அதாவது நகரத்தார் குடும்பங்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலையைக் காரியக்காரர்கள் வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பெயர், கோவில், பிரிவு, தற்போது இருக்கும் ஊர், தொலைபேசி என ஐந்து புலங்கள், நடுவே அரைப்புள்ளி. அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிய ஆச்சி ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "நாங்கள் பிள்ளையார்பட்டிக் கோவில். எங்களுக்குப் பிரிவே கிடையாதே, சிங்கப்பூர் எப்போது பிரிவானது?"

நகரத்தாரின் குலக் கோவில்களில் இளையாற்றங்குடிக்கும் மாத்தூருக்கும் ஏழேழு பிரிவுகள் உண்டு. பிள்ளையார்பட்டிக்கும் இரணியூருக்கும் இல்லை. ஆகவே அந்த வரிகளில் இரண்டு அரைப்புள்ளிகள் ஒட்டியபடி நிற்கும். நிரல் சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, வெட்டித் தரும் அதன் ஸ்ட்ர்டாக், அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஒன்றாகவே எண்ணும். காலிப் புலம் மறைந்தது. ஊர் ஓர் இடம் முன்னே நகர்ந்து பிரிவுக்குள் உட்கார்ந்துகொண்டது. சோதனைக்கு எடுத்தவை எல்லாம் மாத்தூர் வரிகள், பிறகு எப்படித் தெரியும்? ஸ்ட்ர்செப் காலிப் புலத்தையும் திருப்பித் தரும்; லினக்ஸில் இருக்கிறது. அதற்கு மாற்றியதும் சிங்கப்பூர் தன் இடத்துக்குத் திரும்பியது.

ரஸ்தாக்காரன்
இதே போன்ற பட்டியலை ஜாவாவில் பார்த்தேன். அங்கே நடுவில் உள்ள காலி தப்பிக்கும், கடைசியில் உள்ள காலிதான் போய்விடும். தொலைபேசி இல்லாத பெரியவர்களின் வரியில் ஐந்தாவது புலமே வராமல் நிரல் நின்றுபோகும். அங்கே சரத்தை வெட்டும் ஸ்ப்ளிட்டுக்கு இரண்டாவது மதிப்பாக -1 கொடுத்தால் காலிகள் அத்தனையும் கிடைக்கும்.

விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் பெயர்ச் சுருக்கங்கள், இன்னொரு கூத்து. "அரு.அள.ராம.சொக்கலிங்கம்" என்பதைப் புள்ளியில் பிரிக்கச் சொன்னால் வெற்றுப் பட்டியல் வந்தது. ஜாவாவின் ஸ்ப்ளிட் பிரிப்பானை ரெஜெக்ஸாக, அதாவது எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடாகப் படிக்கிறது. அதில் புள்ளி என்றால் எந்த எழுத்தும். எல்லா எழுத்தும் பிரிப்பானாகிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? புள்ளிக்கு முன் இரண்டு பின்சாய்கோடு போட வேண்டும்: "\\."

கண்டனூரான்
அண்ணே, எதற்கு இந்த வம்பு? செங்குத்துக் கோட்டைப் பிரிப்பானாக வைத்தால் போதும். பெயரிலும் முகவரியிலும் அது வரவே வராது.

ரஸ்தாக்காரன்
தரவுக்கு நல்லதுதான் தம்பி. ஆனால் ரெஜெக்ஸில் அந்தக் கோட்டுக்கும் தனிப் பொருள் உண்டு. அப்படியே கொடுத்தால் ஜாவா ஒவ்வோர் எழுத்தாகப் பிய்த்துக் கொடுக்கும். அதற்கும் பின்சாய்கோடு வேண்டும்.

பூக்கல்
ஆத்தங்குடிப் பக்கம் தரைக்கல் ஆர்டர் பட்டியல்கள் காற்புள்ளி போட்ட சிஎஸ்வி கோப்பாகத்தான் வருகின்றன. 1,25,000 என்ற தொகையைக் காற்புள்ளியில் வெட்டினால் 1, 25, 000 என மூன்று பத்தி. முகவரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற சிஎஸ்வி வடிவ ஆவணம், காற்புள்ளி உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கச் சொல்கிறது. வெறும் ஸ்ப்ளிட்டுக்கு மேற்கோள் புரியாது. பைத்தானில் சிஎஸ்வி தொகுதி உள்ளேயே இருக்கும்போது, கையால் வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

கண்டனூரான்
சரி, விலாசத்தையும் பெயரையும் மட்டும் தனியாக எடுப்பது எப்படி? சிலருக்கு மூன்று எழுத்து, சிலருக்கு ஐந்து.

செக்காலைவாசி
பைத்தானில் ஆர்ஸ்ப்ளிட்டுக்குப் புள்ளியும் 1 என்ற எண்ணும் கொடுங்கள். வலப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு வெட்டு: முன்னால் விலாசம் முழுவதும், பின்னால் பெயர். ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ப்ளிட்டுக்கு 2 என்று எல்லை வைத்தால் அப்படி நடக்காது. முதல் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிந்துவிடும், பெயரோடு சேர்த்து. ஊர்ப் புலத்தில் இந்தப் புள்ளி வெட்டைப் போடாதீர்கள், ஆ.தெக்கூர் இரண்டாகிவிடும்.

கோட்டையூர் டீச்சர்
மாணவர்களுக்குச் சொல் விளையாட்டு ஒன்று செய்யக் கேட்டிருந்தேன். "கோட்டையூர்" என்பதை வெற்றுச் சரத்தால், அதாவது பிரிப்பானே இல்லாமல், பிரித்ததும் ஜாவாஸ்கிரிப்ட் 10 துண்டுகள் தந்தது. உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளிகளும் தனித்தனிக் கட்டங்களில் நின்றன. நமக்கு அது ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள, கண்ணுக்குத் தெரியும் எழுத்துப்படி பிரிக்கும் இன்ட்ல்.செக்மென்டர் சரியாக ஐந்தே தருகிறது. பழைய பிரவுசர்களில் அது இல்லை, பள்ளிக் கணினிகளில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.