கோபால்ட் நீலம் மட்டும் ஊதாவா வருது: காலிப்ரேஷன் பேனலை எப்படிப் பயன்படுத்தணும்?

ஓவியர்தம்பி:

அக்காவோட ஓவியங்களை கேட்டலாக்குக்காக எடுத்துக்கிட்டிருக்கேன். 31 கான்வாஸ் முடிஞ்சது. எல்லாம் ரா ஃபைல் (கேமரா பதிஞ்சதை அப்படியே வெச்சிருக்கிற கோப்பு), திருத்துறது லைட்ரூம் கிளாசிக் சாஃப்ட்வேர்ல. மத்த நிறமெல்லாம் ஓரளவு வந்துடுது. அவ கோபால்ட் நீலம் பூசின இடம் மட்டும் ஊதாப் பக்கம் சாயுது. அதுல நிறம் திருத்துற காலிப்ரேஷன் பேனல்ல, புளூ பிரைமரியோட (அடிப்படை நீலம்) ஹியூவை, அதாவது நிறச் சாயலை, −18 வரைக்கும் இழுத்தேன். நீலம் சரியாச்சு, இலைப் பச்சை கெட்டுப்போச்சு. அக்கா ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "இது என் படமே இல்லை"ன்னு எழுந்து போயிட்டா. ஒயிட் பேலன்ஸுக்கு (வெள்ளை வெள்ளையாவே தெரியச் சரிபண்றது) கான்வாஸோட வெள்ளை ஓரத்துலதான் கிளிக் பண்றேன். 24 கட்ட அட்டை (அளந்த நிறக் கட்டங்கள் இருக்கிற நிறச் சோதனை அட்டை) வாங்கினா இது தீருமா?

சாம்பல்அட்டை:

பாதி தீரும்.

முதல்ல அந்த பேனலோட பேரை நம்பாதீங்க. சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு அடிப்படை நிறத்தை நகர்த்துறதுதான் அதோட வேலை. இலைப் பச்சையிலயும் நீலத்தோட பங்கு உண்டு. அதனால நீலத்தை இழுத்தா இலையும் கூடவே வரும். 2008-ல டிஎன்ஜி புரொஃபைல் (கேமராவோட நிறங்களைத் திருத்துற கோப்பு) வர்றதுக்கு முன்னாடி கேமராவைச் சரிபண்ண அந்த ஸ்லைடர்கள்தான் கதி. இப்போ அதையெல்லாம் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துடுங்க.

ஓவியம் இருந்த அதே இடத்துல, அதே விளக்குல அட்டையை வெச்சு ஒரு படம் எடுங்க. வெள்ளைக் கட்டம் எரிஞ்சுடக் கூடாது, அட்டையில பளபளப்பும் விழக் கூடாது. ஒயிட் பேலன்ஸுக்கு வெள்ளைக்கு அடுத்து இருக்கிற வெளிர் சாம்பல்ல கிளிக் பண்ணுங்க. கான்வாஸ் ஓரம் வேண்டாம். பிரைமர் பூசின வெள்ளை நடுநிலையா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. அப்புறம் அந்தப் படத்தை டிஎன்ஜியா (ஒரு வகை ரா ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணி, அட்டையோட வர்ற சாஃப்ட்வேர்ல போட்டா அதுவே கட்டங்களைக் கண்டுபிடிச்சு புரொஃபைல் செஞ்சு தரும். லைட்ரூமை மூடித் திறந்தாத்தான் பட்டியல்ல தெரியும். ஜேபெக்கில இது வேலை செய்யாது.

என் கதை ஒண்ணு. ஒரு தடவை அட்டையோட கீழ் வரிசைச் சாம்பல் கட்டங்கள் மட்டும் இளஞ்சிவப்பா வந்துக்கிட்டே இருந்தது. விளக்கை மாத்தினேன், லென்ஸை மாத்தினேன். 2 மணி நேரம் போச்சு. கடைசியில பார்த்தா, நான் போட்டிருந்த சிவப்புச் சட்டை! இப்போ கறுப்புச் சட்டை இல்லாம அந்த வேலையைத் தொடுறதில்லை.

இப்போ மீதிப் பாதி. கோபால்ட் நீலம், ஸ்பெக்ட்ரத்தோட சிவப்பு முனையில, 680 நானோமீட்டரைத் தாண்டி, நிறைய ஒளியைத் திருப்பி அனுப்பும். நம்ம கண்ணுக்கு அது கிட்டத்தட்டத் தெரியாது. சென்சாரோட சிவப்புச் சேனலுக்குத் தெரியும். நீலத்துல சிவப்பு கலந்தா ஊதாதானே. ஃபிலிம் காலத்துலயே அஜெரேட்டம்னு ஒரு நீலப் பூ இப்படித்தான் இளஞ்சிவப்பா விழும். அந்தப் பூவோட பேரையே இந்தக் கோளாறுக்கு வெச்சுட்டாங்க. சென்சார் முன்னாடி இருக்கிற அகச்சிவப்பு ஃபில்டர் மாடலுக்கு மாடல் வேறபடும், அதனால வேற கேமராவுல இது கொஞ்சம் குறையலாம். அட்டையோட நீலக் கட்டம் கச்சிதமா வந்தாலும் கோபால்ட் அடங்கணும்னு இல்லை. புரொஃபைல் போட்ட பிறகு, லைட்ரூம்ல 2023-ல வந்த பாயின்ட் கலர்ங்கிற கருவியில அந்த நீலத்தை மட்டும் தொட்டு, மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து) நகர்த்துங்க.

இருட்டறை:

மானிட்டரைப் பத்தி யாருமே கேக்கலையே? அதோட வெள்ளையை 6500 கெல்வினுக்கும், வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலாவுக்கும் கொண்டுவராம நீலத்தைப் பத்திப் பேசி என்ன பிரயோஜனம்? லேப்டாப்ல நைட் லைட் (ராத்திரிக்காக ஸ்கிரீனை மஞ்சளாக்குற வசதி) ஓடுதான்னு பாருங்க.

டார்க்டேபிள்பிரியன்:

டார்க்டேபிள்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல கலர் காலிப்ரேஷன் மாட்யூல்லயே அட்டைமேல கட்டத்தைப் பொருத்தி அளக்கலாம், டிஎன்ஜி, புரொஃபைல்னு அலைய வேண்டாம். சராசரி டெல்டா ஈ (அசல் நிறத்துக்கும் படத்துல வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசம்) எவ்வளவுன்னு எண்ணாவே சொல்லிடும். கோபால்ட் விஷயத்துல மட்டும் சாம்பல்அட்டை சொன்னதுதான், எந்த சாஃப்ட்வேருக்கும் அதுல தப்பிக்க வழியில்லை.

ஓவியர்தம்பி:

இருட்டறை, கும்பிடு. நைட் லைட் ராத்திரி பகல்னு பார்க்காம ஓடிக்கிட்டிருந்திருக்கு. மஞ்சளைப் பத்தி அக்கா புலம்பினப்போ நான்தான் காதுல வாங்கலை.

ஒரு நண்பரோட அட்டையை இரவல் வாங்கி புரொஃபைல் செஞ்சேன். இலைப் பச்சை திரும்பி வந்துடுச்சு. நீலத்துல ஊதா முன்னைவிடக் குறைவு, ஆனா போகலை. பாயின்ட் கலர்ல ஹியூவைக் கொஞ்சம் நகர்த்தி, அசல் கான்வாஸை ஸ்கிரீன் பக்கத்துல நிறுத்தி அக்காவைக் கூப்பிட்டேன். ரெண்டையும் மாறிமாறிப் பார்த்தா. "இது என்னுது"ன்னா. அப்புறம் குனிஞ்சு, "அந்த மூலையில என்ன தூசி?"ன்னா.

சென்சார்லதான். 31 படத்துலயும் இருக்கு.