மோரிஸ் ஆட்டக் குழுவோடு ஒரு கோடைக்காலம்: பார்த்தவர்கள், ஆடியவர்கள் சொல்லுங்கள்

நான் இருப்பது ஆக்ஸ்போர்டு பக்கம். மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டம் என்றாலே இங்கே உள்ளூர்க்காரர்களுக்கே ஒரு நக்கல் சிரிப்பு வரும். வெள்ளை உடை, காலில் மணி, கையில் கைக்குட்டை, பக்கத்தில் பீர் என்று வயதான ஆண்கள் குதிப்பது அப்படித்தான் தெரியும். ஆடிப் பாருங்கள், ரெண்டு பாட்டுக்குள் கெண்டைக்கால் கெஞ்சும்.

சீசன் மே 1 விடியலில் தொடங்கும். ஆறு மணிக்கு மாட்லின் கல்லூரிக் கோபுரத்தின் மேலிருந்து பாடகர் குழு பாடி முடித்ததும் கூட்டம் தெருவுக்குள் வரும், அங்கங்கே குழுக்கள் ஆட ஆரம்பிக்கும். அப்புறம் கோடை முழுக்க வாரநாள் மாலைகளில் ஏதாவது ஒரு கிராமத்துப் பப் வாசல்தான், திருவிழா எல்லாம் நடுநடுவே. மணிப்பட்டையை முழங்காலுக்குக் கீழே வாரால் கட்ட வேண்டும். தளர்த்திக் கட்டினால் ஆட்டத்தின் நடுவே கணுக்காலுக்கு இறங்கிவிடும், இறுக்கினால் கால் மரத்துப்போகும். குச்சி ஆட்டத்தைப் பார்த்த அம்மா 'கோலாட்டம்தானே' என்றார். சரிதான், ஆனால் இவர்கள் வைத்திருப்பது கைத்தடி பருமனுள்ள கழி, அடியும் ஓங்கித்தான் விழும். சில்லு தெறிக்கும், கொஞ்சம் தள்ளிப் பட்டால் விரல் போச்சு.

எனக்குப் பிடித்தது பாம்ப்டன் கிராமம். மே கடைசித் திங்கள் விடுமுறையன்று உள்ளூர்க் குழுக்கள் வீட்டுத் தோட்டம் தோட்டமாகப் போய் ஆடுகின்றன. ஒருவர் வாள் நுனியில் கேக் டின்னைச் செருகிக்கொண்டு கூடவே வருவார், ஒரு துண்டு வாங்கித் தின்றால் அதிர்ஷ்டமாம். மேடையும் கிடையாது மைக்கும் கிடையாது, அதனால்தான் நன்றாக இருக்கிறது. போன ஆகஸ்டில் ஒரு பெரிய திருவிழாவில் எங்களைக் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், உச்சி வெயிலில் ஆட விட்டார்கள். பார்வையாளர்கள் ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும்.

பதில்: தாக்ஸ்டெட் போயிருக்கிறீர்களா? ஜூன் மாதவாக்கில் மோரிஸ் ரிங் கூடுகை நடக்கும் ஊர். மோரிஸ் ரிங் என்பது 1934இல் தொடங்கிய, மோரிஸ் குழுக்களின் அமைப்பு. இருட்டும் நேரத்தில் ஒற்றை வயலினுக்கு மான் கொம்பு தூக்கி ஆடுவார்கள். பகல் முழுக்கக் கேலி பேசிய என் கணவர் வாயே திறக்கவில்லை.

பதில்: நம்மைப் போன்றவர்கள் போய் நிற்கச் சங்கடமாக இருக்காதா? முகத்தில் கரி பூசி ஆடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் பாதியிலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

பதில்: நியாயமான கேள்வி. அது பெரும்பாலும் பார்டர் வகை, அதாவது வேல்ஸ் எல்லைப் பக்கத்து மோரிஸ் ஆடும் குழுக்களிடம் இருந்த பழக்கம். ஆள் அடையாளம் மறைக்கத்தான், இனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ரொம்ப நாள் வாதாடினார்கள். எனக்கு அந்த வாதம் எடுபடவே இல்லை. 2020இல் மோரிஸ் அமைப்புகள் சேர்ந்து அதை நிறுத்தச் சொல்லிவிட்டன. இப்போது நீலம், பச்சை என்று பூசிக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் முகப்பூச்சே கிடையாது. பெண்களும் ஆடுகிறார்கள், அவர்களுக்கென்று 1975இலேயே கூட்டமைப்பு தொடங்கியாயிற்று. இலையுதிர்காலத்தில் பயிற்சி ஆரம்பிக்கும்போது புது ஆட்களைத் தேடுவார்கள், அப்போது போய்ப் பாருங்கள். பீர் கட்டாயமில்லை, முழங்கால் கட்டாயம்.