கேன்சல் அழுத்தினால் விட்டுவிட வேண்டும்: ஃபார்ம், ஃபோகஸ், எஸ்கேப் பற்றிய அனுபவப் பகிர்வு

வடசென்னையில் கடை, யார்டு, எடைமேடை மென்பொருள் எழுதும் சிலர் ஆளுக்கொரு பகுதியாக எழுதியது இது. தலைப்பில் இருப்பது எழுதியவரின் இடமும் வேலையும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஜவுளி பில்லிங்

ஆடித் தள்ளுபடி நேரத்தில் எம்.சி. ரோட்டுக் கடை கவுண்டரில் பில் போடுகிறவர் மவுஸைத் தொடுவதே இல்லை. ஒரு கையில் புடவை, இன்னொரு கையில் ஸ்கேனர். விரல் போவது என்டர், டேப், எஸ்கேப் மூன்றுக்கும்தான். வாடிக்கையாளர் விவரம் கேட்கும் சின்ன டயலாக் திறக்கிறது, கர்சர் ஜிஎஸ்டி எண் கட்டத்தில் நிற்கிறது. பாதி எண் அடித்திருக்கும்போது, வாங்க வந்தவர் "அதெல்லாம் வேணாம்பா, சாதா பில்லே போடு" என்கிறார். கேன்சலை அழுத்தினால் "எண் 15 எழுத்து இல்லை" என்று ஒரு பெட்டி. ஓகே கொடுத்துவிட்டு மறுபடி கேன்சல். மறுபடி அதே பெட்டி. வெளியே வர ஒரே வழி, கட்டத்தைச் சுத்தமாக அழிப்பது, அல்லது 15 எழுத்து வரும்வரை எதையாவது அடிப்பது. இரண்டாவதைத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். 33-இல் தொடங்கும் குப்பை எண்கள் வாடிக்கையாளர் பட்டியலில் சேருவது இப்படித்தான்.

காரணம் எளிது. வின்ஃபார்ம்ஸில் (டாட்நெட்டில் விண்டோஸ் திரை எழுதும் கருவித்தொகுப்பு) உள்ளிட்டதைச் சரிபார்க்கும் 'வேலிடேட்டிங்' நிகழ்வு, ஃபோகஸ், அதாவது அடிக்கும் விசை போய்ச் சேரும் இடம், கட்டத்தை விட்டுக் கிளம்பும்போது ஓடுகிறது. கேன்சல் பட்டனைக் கிளிக் செய்தாலும் ஃபோகஸ் கிளம்பத்தான் செய்யும். சரிபார்ப்பு தோற்றதும் ஃபோகஸ் பழைய கட்டத்திலேயே பிடித்து வைக்கப்படுகிறது, பட்டனின் கிளிக் நிகழ்வு நடப்பதே இல்லை. கேன்சல் பட்டனுக்குள் என்ன கோடு (நிரல்) எழுதினாலும் பயன் இல்லாமல் போவது இதனால்தான்.

முதலில் கேன்சல் பட்டனின் 'காசஸ்வேலிடேஷன்' பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு "இன்னும் மாட்டுதே" என்கிறார்கள். பட்டன் ஒரு பேனலுக்குள்ளோ யூசர் கன்ட்ரோலுக்குள்ளோ இருந்தால் அந்தப் பேனலுக்கும் ஃபால்ஸ் தர வேண்டும். ஃபோகஸ் உள்ளே நுழையும் பாதையில் பேனலும் இருக்கிறது. அதன் பண்பு ட்ரூவாக இருந்தால் சரிபார்ப்பு அங்கேயே கிளம்பிவிடும்.

அடுத்தது மேல்மூலை எக்ஸ் பட்டன். சரிபார்ப்பு தோற்ற கட்டம் இருக்கையில் ஃபார்மை மூடப் பார்த்தால், மூடுவதும் தடுக்கப்படலாம். 'ஃபார்ம்குளோசிங்' நிகழ்வுக்குள் கேன்சல் மதிப்பை ஃபால்ஸ் என்று மாற்றி எழுதினால் தடை விலகும். எக்ஸ், எஸ்கேப், ஆல்ட்டும் எஃப்4-உம், கேன்சல் பட்டன் ஆகிய நான்கும் ஒரே விளைவைத் தர வேண்டும். ஒன்றில் மட்டும் "சேமிக்கவா?" என்று கேட்டு மற்றதில் கேட்காமல் விடுவது, பில் போடுகிறவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

இத்தனை இடத்தில் ஒட்டுப் போடுவதை விட நல்ல வழி ஒன்று டாட்நெட் 2.0 வந்த 2005 முதலே இருக்கிறது. ஃபார்மின் 'ஆட்டோவேலிடேட்' பண்பை 'எனேபிள்அலௌஃபோகஸ்சேஞ்ச்' என்று வையுங்கள். சரிபார்ப்பு ஓடும், தவறான கட்டத்தின் பக்கத்தில் எரர் புரொவைடரின் சிவப்புக் குறி வரும், கர்சர் மட்டும் சிறைப்படாது. ஓகே அழுத்தும்போது 'வேலிடேட்சில்ட்ரன்' கூப்பிட்டு எல்லாக் கட்டத்தையும் மொத்தமாகப் பாருங்கள். தோற்றால் 'டயலாக்ரிசல்ட்' மதிப்பை 'நன்' (எதுவும் இல்லை) என்று வைத்தால் டயலாக் மூடாது. பட்டனின் பண்பிலேயே ஓகே என்று குறித்திருந்தால் இந்த ஒரு வரியை மறக்கவே கூடாது. மறந்தால் பிழை காட்டிய கையோடு டயலாக் மூடிக்கொண்டு, தவறான எண் உள்ளே போய்விடும்.

திருவொற்றியூர், கன்டெய்னர் யார்டு

வண்ணாரப்பேட்டை அண்ணா சொன்ன கடைசி வழியை, அதாவது கர்சரைப் பிடிக்காமல் குறி மட்டும் காட்டி ஓகேயில் நிறுத்துவதைத்தான் யார்டு கேட் என்ட்ரியில் கட்டாயம் வைக்க வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசை நிற்கும்போது கேட் கிளார்க்கின் ஃபார்ம் பூட்டிக்கொண்டால், பின்னால் நிற்கிற வண்டி எல்லாமே அவருக்காகக் காத்திருக்கும்.

கன்டெய்னர் எண் 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். கன்டெய்னர் எண்ணுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6346 கணக்கு. எழுத்துக்கு ஏ-விலிருந்து 10, 12, 13 என்று மதிப்பு (11, 22, 33 மட்டும் விடுபடும்), இடத்துக்கு 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் எடை, பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்த மீதி. மீதி 10 வந்தால் 0. சிஎஸ்க்யூயு 305438 என்ற எண்ணுக்குக் கூட்டல் 6185, மீதி 3. டிரைவர் கத்திச் சொல்ல, கிளார்க் கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றி 305483 என்று அடித்தால் கூட்டல் 4905, மீதி 10, அதாவது 0. பெட்டியில் எழுதியிருக்கும் 3-உடன் ஒத்துவராது. கணக்கு தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் இதை எப்போது ஓட்டுகிறோம் என்பதுதான் விஷயம்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஓட்டினால் முதல் 10 எழுத்து அடிக்கும்வரை சிவப்பாகவே இருக்கும், கிளார்க் சிவப்பைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். கட்டத்தை விட்டு நகரும்போது ஓட்டி, கர்சரைப் பிடித்து வைத்தால், எண்ணைத் திரும்பப் பார்க்க அவர் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் போகும் நேரத்தில் வண்டி எண்ணைக்கூட அடிக்க முடியாது. நகரும்போது ஓட்டுங்கள், குறி மட்டும் காட்டுங்கள், ஓகேயில் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு முதல் தவறான கட்டத்துக்கு ஃபோகஸ் கொண்டுபோய், அதில் உள்ளதை முழுக்கத் தேர்ந்தெடுத்து வையுங்கள். கர்சர் எழுத்துக்களின் நடுவில் போய் நின்றால் அவர் புதிதாக அடிப்பது பழையதோடு ஒட்டி 22 எழுத்தாகிவிடும்.

இன்னொன்று, இது கண்ணுக்கே தெரியாத தவறு. டயலாக்கின் கட்டங்களை நேரடியாக மூலப் பதிவோடு பைண்ட் செய்து (இணைத்து), புதுப்பிப்பு முறையை 'ஆன்பிராபர்ட்டிசேஞ்ச்டு' என்று வைத்திருந்தால், எழுத்து அடிக்க அடிக்கவே மூலப் பதிவு மாறிவிடும். பிறகு கேன்சல் அழுத்தினால் டயலாக் மூடும், ஆனால் மாற்றம் அப்படியே இருக்கும். பட்டியலில் புது எண் தெரியும், தரவுத்தளத்தில் பழைய எண் இருக்கும். அடுத்து யாராவது வேறு காரணத்துக்காகச் சேமித்தால், ரத்து செய்த மாற்றமும் சேர்ந்து ஏறிவிடும். டயலாக்குக்குப் பதிவின் நகலைக் கொடுங்கள். ஓகே என்றால் மட்டும் நகலிலிருந்து மூலத்துக்கு எழுதுங்கள். டயலாக் கேன்சலில் மூடினாலும் நினைவில் அப்படியே இருக்கும், 'ஷோடயலாக்' முடிந்ததும் அது மறைந்திருக்கிறதே தவிர அழியவில்லை. அதே பொருளை மறுபடி திறந்தால் போன வண்டியின் எண் சிரித்துக்கொண்டு நிற்கும். 'யூசிங்' தொகுதிக்குள் புதிதாக உருவாக்கி, முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

மணலி, எடைமேடை

எடைமேடை ஃபார்மில் வரும் சிக்கல் வேறு. எடையைக் காட்டும் இண்டிகேட்டர் சீரியல் போர்ட் வழியாக விநாடிக்குப் பலமுறை எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். எடை வந்ததும் அதைக் கட்டத்தில் போட்டுவிட்டு 'ஃபோகஸ்' கூப்பிடும் கோடு எத்தனையோ மென்பொருளில் இருக்கிறது. ஆபரேட்டர் வண்டி எண் கட்டத்தில் டிஎன் 03 என்று தொடங்குவார், மூன்றாவது எழுத்துக்குள் கர்சர் எடைக் கட்டத்துக்கு இழுபடும். மீதி எண் எடையில் ஏறும். 18 டன் வண்டி சீட்டில் வேறு எடையோடு வெளியே போனால், அதைக் கண்டுபிடிப்பது மாதக் கணக்கின்போதுதான். எடைக் கட்டத்தை ரீட்ஒன்லி ஆக்குங்கள், டேப் அழுத்தினால் கர்சர் நிற்கும் வரிசையிலிருந்தும் எடுத்துவிடுங்கள், தானாக வரும் தரவு ஒருபோதும் ஃபோகஸை நகர்த்தக் கூடாது. மனிதர் அடித்த விசையால் மட்டுமே கர்சர் நகர வேண்டும்.

கேன்சல் அழுத்தியதும் மொத்த ஃபார்மும் உறைந்து நிற்பதும் இங்கே அடிக்கடி நடக்கும். எடை வந்ததும் கிளம்பும் 'டேட்டாரிசீவ்டு' நிகழ்வு, திரையை நடத்தும் த்ரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்களில் ஒன்று) இல்லாமல் வேறு த்ரெட்டில் ஓடுகிறது. அதிலிருந்து திரைக்கு எழுத 'இன்வோக்' போட்டிருப்பார்கள். ஆபரேட்டர் கேன்சல் கொடுத்ததும் திரை த்ரெட் போர்ட்டை மூடப் போகிறது, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்வு முடியட்டும் என்று காத்திருக்கிறது. அந்த நிகழ்வோ 'இன்வோக்' போட்டுத் திரை த்ரெட்டுக்காகக் காத்திருக்கிறது. ஒருவருக்காக ஒருவர் காத்து இருவருமே நகர மாட்டார்கள். பத்துமுறையில் எட்டுமுறை சரியாக மூடுவதால் "மெஷின் ஸ்லோ" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். 'இன்வோக்' இருக்கும் இடத்தில், காத்திருக்காமல் திரும்பிவிடும் 'பிகின்இன்வோக்' போடுங்கள். மூடும்போது முதலில் நிகழ்வின் இணைப்பைக் கழற்றுங்கள், பிறகு போர்ட்டை மூடுங்கள். திரைக்கு எழுதும் முன் ஃபார்ம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வரி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடைசியாக வந்த ஒரு எடை மூடிய ஃபார்மில் எழுதப் போய்ப் பிழை கிளப்பும்.

பெரம்பூர், பழைய விபி6

1998-இல் வந்த விபி6-இல் (மைக்ரோசாஃப்டின் விசுவல் பேசிக் 6) எழுதிய பில்லிங் இன்னும் எத்தனையோ கடையில் ஓடுகிறது, அதனால் இதையும் சேர்க்கிறேன். 'லாஸ்ட்ஃபோகஸ்' நிகழ்வில் சரிபார்த்து 'செட்ஃபோகஸ்' கொடுப்பது பழைய பழக்கம். இரண்டு கட்டத்துக்கும் அப்படி எழுதியிருந்தால், முதல் கட்டம் ஃபோகஸைத் திருப்பி இழுக்கும்போது இரண்டாவது கட்டம் ஃபோகஸ் இழந்ததாக நினைத்துத் தன் பக்கம் இழுக்கும். முடிவே இல்லை, டாஸ்க் மேனேஜர்தான் வழி. இதற்காகவே விபி6-இல் 'வேலிடேட்' நிகழ்வும் 'காசஸ்வேலிடேஷன்' பண்பும் வந்தன. கேன்சல் பட்டனுக்கு 'கேன்சல்' பண்பு ட்ரூ, 'காசஸ்வேலிடேஷன்' ஃபால்ஸ், இரண்டும் சேர்ந்து வேண்டும். என்டர் அழுத்தி டிஃபால்ட் பட்டன் ஓடும்போது ஃபோகஸ் நகராது, அதனால் கடைசிக் கட்டம் சோதிக்கப்படாமலே போகும். அந்தப் பட்டனின் கோடில் முதல் வரியாக 'வேலிடேட்கன்ட்ரோல்ஸ்' கூப்பிடுங்கள். 'ஃபார்ம்லோட்' உள்ளே 'செட்ஃபோகஸ்' எழுதினால் பிழை எண் 5 வரும், ஃபார்ம் இன்னும் திரையில் இல்லை. 'ஆக்டிவேட்'டுக்கு மாற்றுங்கள்.

சௌகார்பேட்டை, ஜாவா

ஜாவாவின் திரைக் கருவித்தொகுப்பான ஸ்விங்கில் கட்டத்தைச் சரிபார்க்க 'இன்புட்வெரிஃபையர்' போட்டவர்கள் கேன்சல் பட்டனுக்கு 'செட்வெரிஃபைஇன்புட்வென்ஃபோகஸ்டார்கெட்' ஃபால்ஸ் கொடுக்க வேண்டும். 'ஜேடயலாக்'குக்கு எஸ்கேப் தானாகக் கிடைக்காது, ரூட்பேனில் நாம்தான் கட்ட வேண்டும். முதல் கர்சருக்கு 'ரிக்வெஸ்ட்ஃபோகஸ்இன்விண்டோ'வை, அளவைக் கணக்கிடும் 'பேக்' முடிந்த பிறகு, காட்டுவதற்கு முன் கூப்பிடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஜவுளி பில்லிங்

பெரம்பூர் அண்ணன் சொன்ன அதே ஃபார்ம்லோட் சிக்கல் வின்ஃபார்ம்ஸிலும் உண்டு, பிழை மட்டும் காட்டாது. 'லோட்' உள்ளே 'ஃபோகஸ்' கூப்பிட்டால் அது ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். 'லோட்'டில் 'ஆக்டிவ்கன்ட்ரோல்' பண்பை வையுங்கள், அல்லது 'ஷோன்' நிகழ்வில் 'ஃபோகஸ்' கூப்பிடுங்கள்.

டயலாக் மூடிய பிறகு கர்சர் எங்கே போக வேண்டும் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. கேன்சல் என்றால் எங்கிருந்து டயலாக் திறந்ததோ அதே கட்டம், அதே நிலை. ஓகே என்றால் அடுத்த கட்டம். 'ஷோடயலாக்' கூப்பிடும்போது தாய் ஃபார்மைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை தானாக நடக்கும். கொடுக்காமல் விட்டால் சில நேரம் வேறு மென்பொருள் முன்னால் வந்து நின்றுவிடும். இதில் ஒரு பொறி உண்டு. இரண்டுமுறை அழுத்திவிடக் கூடாது என்று, டயலாக் திறக்கும் பட்டனை முதலில் முடக்கிவிட்டுப் பிறகு திறப்பார்கள். ஃபோகஸ் உள்ள பட்டனை முடக்கினால் ஃபோகஸ் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும், பட்டனைத் திரும்ப இயக்கினாலும் அது திரும்பி வராது. டயலாக் திறந்திருக்கும்போது தாய் ஃபார்ம் எப்படியும் பூட்டித்தான் இருக்கும், அதனால் அந்த முடக்கலே தேவையில்லை.

ஸ்கேனர்தான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமாகத் தவறு செய்யவைக்கும். ஸ்கேனர் என்பது கணினிக்கு ஒரு கீபோர்டுதான், பார்கோடு முடிந்ததும் பெரும்பாலும் ஒரு என்டர் சேர்த்து அனுப்பும். ஃபார்மில் என்டருக்கு ஓடும் 'அக்செப்ட்பட்டன்' வைத்திருந்தால் முதல் புடவையிலேயே பில் முடிந்துவிடும். ஸ்கேனரின் அமைப்புப் புத்தகத்தில் உள்ள பார்கோடைக் காட்டி என்டருக்குப் பதில் டேப் என்று மாற்றுங்கள், அல்லது பார்கோடு கட்டத்தில் ஃபோகஸ் இருக்கும்வரை 'அக்செப்ட்பட்டன்' மதிப்பைக் காலியாக வையுங்கள்.

அதைவிட மோசமானது கேள்விப் பெட்டி. "இந்த பில்லை ரத்து செய்யவா?" என்று யெஸ், நோ பெட்டி திறந்திருக்கிறது. பில் போடுகிறவர் திரையைப் பார்க்காமல் அடுத்த புடவையை ஸ்கேன் செய்கிறார். விண்டோஸ் பெட்டியில் ஆல்ட் இல்லாமலே ஒய், என் எழுத்துக்கள் பட்டன் அழுத்தியதாக எடுத்துக்கொள்ளப்படும். பார்கோடில் ஒய் எழுத்து இருந்தால் அதுவே "ஆம்" என்று பதில் சொல்லிவிடும். எழுத்தே இல்லாத வெறும் எண் பார்கோடானாலும் கடைசி என்டர் டிஃபால்ட் பட்டனை அழுத்தும். 23 உருப்படி சேர்த்த பில் கண்முன்னே போய்விடும். யெஸ், நோ மட்டும் உள்ள பெட்டியில் எஸ்கேப்பும் வேலை செய்யாது, எக்ஸும் மங்கியிருக்கும், பின்வாங்க வழியே கிடையாது. அழிக்கிற கேள்விக்கு டிஃபால்ட் எப்போதும் இரண்டாவது பட்டனாக, "வேண்டாம்" பக்கம் இருக்க வேண்டும். இன்னும் சரியான வழி, கேள்வியை நம் சொந்த டயலாக்கில் வைத்து, ஒற்றை எழுத்துக் குறுக்குவழி எதுவும் தராமல், "பில்லை அழி" என்பதற்கு எஃப்8 போல ஸ்கேனர் வழக்கமாக அனுப்பாத விசையைக் கொடுப்பது.

கடையில் நிறுவும் முன் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள். ஒவ்வொரு டயலாக்கையும் திறந்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டுமென்றே தவறாக அடித்து எஸ்கேப் கொடுங்கள். ஒரே அழுத்தில் மூட வேண்டும், கீழ்விரி பட்டியல் திறந்திருந்தாலோ கிரிட் கட்டம் திருத்தத்தில் இருந்தாலோ மட்டும் முதல் எஸ்கேப் அதற்குரியது. மூடியதும் எதையும் தொடாமல் ஒரு எழுத்து அடியுங்கள். அந்த எழுத்து டயலாக் திறப்பதற்கு முன் கர்சர் இருந்த கட்டத்தில் விழுந்தால் அந்த டயலாக் முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம்.