கூகுளில் இருந்து இறக்கிய படங்களில் பாதிக்கு ஒரே தேதி காட்டுகிறது. மெயிலையும் மாற்ற வேண்டும் – உதவி

கரிசல்காடு:
வணக்கம். 15 ஜிபி நிரம்பப் போகிறது என்று அறிவிப்பு வருகிறது. மாதாமாதம் காசு கட்டி இடம் வாங்குவதைவிட, மெதுவாகக் கூகுளை விட்டு வெளியே வந்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். முதல் வேலையாக டேக்அவுட்டில் (கூகுளில் இருக்கும் நம் தரவை மொத்தமாக இறக்கும் வசதி) எல்லாப் படங்களையும் கேட்டு வாங்கி, ஜிப்புகளைப் பிரித்து ஹார்டு டிஸ்கில் போட்டாயிற்று. உபுண்டு, 4 ஜிபி ரேம், பழைய லேப்டாப்.

சிக்கல் 1: பாதிப் படங்கள் இந்த மாதம் எடுத்ததாகக் காட்டுகின்றன. அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படம், போன வாரக் கரண்டு பில்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கூடவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஜேசன் கோப்பு. அதையெல்லாம் அழித்துவிடலாமா?

சிக்கல் 2: பேங்க், பிஎஃப், எல்ஐசி, ரயில் டிக்கெட் எல்லாம் ஜிமெயிலில்தான். எதற்கு மாறுவது?

சிக்கல் 3: போனில் கூகுள் செயலிகள் இல்லாத ஆண்ட்ராய்டான லினேஜ் ஓஎஸ் போடலாமா?

லினக்ஸ் தம்பி:
அண்ணா, ஜேசனை மட்டும் தொடாதீர்கள்! படத்தின் விவரங்களைக் கூகுள் எழுதி வைத்த டெக்ஸ்ட் கோப்பு அது, உங்களுக்கு வேண்டிய தேதி அதற்குள்தான் இருக்கிறது.

கேமராவில் எடுத்த படத்தின் உள்ளேயே எக்ஸிஃப் என்று தேதி பதிந்திருக்கும், அதனால் அவை தப்பித்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்தவை, ஸ்கேன் செய்தவை, ஸ்கிரீன்ஷாட் இவற்றில்தான் பெரும்பாலும் அது இருக்காது. வாட்ஸ்அப் அனுப்பும்போதே அந்தத் தகவலை நீக்கிவிடும். அப்புறம் கேலரி என்ன செய்யும்? கோப்பு டிஸ்கில் விழுந்த நாளை எடுத்துக் காட்டும்.

ஜேசனை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். படம் எடுத்த நேரம் என்று 1547510400 மாதிரி ஒரு எண் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள் அவை. இந்த எண் 2019 ஜனவரி 15, நம் நேரப்படி காலை 5.30. உலக நேரத்தில் இருப்பதால் மாற்றும்போது ஐந்தரை மணி நேரம் சேர்க்க வேண்டும். மறந்தால் நள்ளிரவு தாண்டி எடுத்த படமெல்லாம் முந்தைய நாளுக்குப் போய்விடும்.

எக்ஸிஃப்டூல் என்ற கருவியை நிறுவினால், ஜேசனைப் படித்துப் படத்துக்குள்ளேயே தேதியை எழுதிவிடலாம். ஒன்று கவனம்: படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் இன்னொரு ஜிப்பிலும் இருப்பதுண்டு. எல்லா ஜிப்பையும் ஒரே ஃபோல்டரில் பிரித்துவிட்டு ஆரம்பியுங்கள். முதலில் ஒரு நகலில் செய்து பார்ப்பது நல்லது.

சொந்தமாக சர்வர் வைக்கும் யோசனை இருந்தால், கூகுள் ஃபோட்டோஸ் மாதிரியே படங்களை வைத்துக்கொள்ள இம்மிச் என்ற மென்பொருள் இருக்கிறது. இம்மிச்-கோ என்ற கருவி டேக்அவுட் ஜிப்பைப் பிரிக்காமலே ஜேசனோடு சேர்த்து ஏற்றிவிடும். ஆனால் 4 ஜிபி ரேமில் முக்கும், முகங்களை அடையாளம் காணும் வசதியை அணைத்துவிட்டாலும் சிரமம்தான். சர்வர் தொல்லையே வேண்டாம் என்றால் என்டே என்ற படச் சேமிப்புச் சேவையைப் பாருங்கள். படங்களை அவர்களாலும் பார்க்க முடியாத முழு மறையாக்கம், மூல நிரலும் திறந்தது, டேக்அவுட்டையும் படிக்கும். காசு கட்ட வேண்டியிருக்கும்.

சென்னைவாசி:
மெயிலுக்கு ஸோஹோ போங்க. நம்மூர் கம்பெனி. இதுக்கு மேல என்ன யோசனை?

பழைய மோடம்:
ஸோஹோ நல்ல மெயில்தான், நானும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் அவர்கள் கொடுக்கும் முகவரியையே வைத்துக்கொண்டால் வீட்டுக்காரரை மாற்றியதோடு சரி, வாடகைக் குடித்தனம் அப்படியே இருக்கும். நாளைக்கு அங்கிருந்தும் கிளம்ப நினைத்தால் பேங்க், பிஎஃப் என்று மறுபடியும் ஒரு சுற்று அலைய வேண்டும்.

முதலில் சொந்த டொமைன், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயரை, வாங்குங்கள். அதன் எம்எக்ஸ் பதிவை (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) ஸோஹோவுக்கோ புரோட்டான் மெயிலுக்கோ திருப்பிக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பதிவை மட்டும் மாற்றினால் போதும், முகவரி உங்களிடமே இருக்கும். தண்டர்பேர்டு மாதிரி தனி மெயில் மென்பொருளில் படிப்பதாக இருந்தால், எடுக்கும் திட்டத்தில் அதற்கு வேண்டிய ஐமேப் வசதி உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள்.

இதில் இரண்டு ஆபத்து. டொமைனைப் புதுப்பிக்க மறந்து வேறு யாராவது வாங்கிவிட்டால் உங்கள் பேங்க் மெயிலெல்லாம் அவருக்குப் போகும். தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவிட்டு, காலண்டரிலும் குறித்து வையுங்கள். அடுத்தது, டொமைன் விற்றவரிடம் கணக்குத் திறக்கும்போது அதே டொமைனின் மெயிலைக் கொடுக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் அதை மீட்க வரும் மெயிலும் சேர்ந்து முடங்கிவிடும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற உட்கார வேண்டாம். பேங்க், வருமான வரி, பிஎஃப், ஆதார் இவற்றை முதலில் முடியுங்கள். மற்றதெல்லாம் பழைய பெட்டிக்கு ஒரு மெயில் வரும்போது அதை மட்டும் மாற்றினால் போதும். ஆண்டு பிரீமியம் மாதிரி வருடத்துக்கு ஒரு தடவை வருபவை இருப்பதால் ஒரு வருடமாவது ஆகும். அதுவரை ஜிமெயிலை மூடாதீர்கள். இரண்டு வருடம் உள்ளேயே போகாத கணக்கைக் கூகுள் நீக்கலாம் என்பது 2023இல் வந்த விதி. எப்போதாவது போய்த் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

பொன்னி:
லினேஜை இப்போதைக்கு விடுங்கள். அதைப் போட, போனைத் தொடங்கி வைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்த போனில் பல பேங்க் செயலிகள் ஓட மறுக்கும். போன் ஒன்றுதான் என்றால் மளிகைக்கடையில் நின்றுகொண்டு விழிக்க வேண்டியதுதான்.

போனை அப்படியே வைத்துக்கொண்டு எஃப்-டிராய்டு என்ற திறந்த மூலச் செயலிக் கடையைப் போடுங்கள். அதில் இண்டிக் கீபோர்டு இருக்கிறது, தமிழ்99 விசை அமைப்பில் தட்டலாம். குரல் தட்டச்சுக்கு அது தோதுப்படாது, என் அப்பா இன்னும் கூகுளின் ஜிபோர்டுதான். மேப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ். நெட் இல்லாமலும் வழி சொல்லும். மக்களே சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு என்பதால் ஊருக்கு ஊர் தரம் மாறும். எங்கள் தெரு இல்லை, நானே சேர்த்தேன். யூபிஐக்கு பீம் போதும், பேங்க் அக்கவுண்டை மாற்ற வேண்டியதே இல்லை.

வாட்ஸ்அப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, புத்திசாலி :) ஸ்கூல் குரூப் இருக்கும் வரை அது போகாது.

கரிசல்காடு:
தம்பி, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு எக்ஸிஃப்டூல் ஓட்டினேன். அறுபதாம் கல்யாணம் அதன் வருடத்துக்குப் போய்விட்டது! ஒருசிலதற்கு மட்டும் ஜேசனே காணவில்லை. டொமைனும் வாங்கிவிட்டேன். கூகுள் ஃபோட்டோஸில் இருப்பதை இப்போது அழித்துவிடலாமா?

லினக்ஸ் தம்பி:
ஜேசன் இல்லாதவை வாட்ஸ்அப் படங்கள் என்றால் கோப்பின் பெயரைப் பாருங்கள், நடுவில் 20190115 என்று தேதி இருக்கும். எக்ஸிஃப்டூல் பெயரில் இருந்தும் தேதியை எடுக்கும். ஆனால் அது வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் இல்லை.

அழிப்பதற்கு அவசரம் வேண்டாம். முதலில் இன்னொரு டிஸ்கில் இரண்டாவது நகல் எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். நகலில் இருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடியோக்களைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். போனில் ஃபோட்டோஸ் செயலிக்குள் இருந்து அழித்தால் போனில் இருக்கும் படமும் சேர்ந்து போய்விடும். அதனால் செயலியில் பேக்கப்பை அணைத்துவிட்டு, லேப்டாப்பில் பிரௌசர் வழியாக, பழைய வருடங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழியுங்கள். பேக்கப் ஆன படங்கள் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதற்குள் எடுத்துவிடலாம்.