தெருவில் வளர்ந்த நாயை அடுக்குமாடி வீட்டுக்குத் தத்துக் கொடுக்குமுன் என்ன செய்ய வேண்டும்?

பின்கட்டுவாசி, கோவை:
வணக்கம். வண்டியில் அடிபட்டு எங்கள் தெருமுனையில் கிடந்த ஒரு பெண் நாயை, சிகிச்சைக்குப் பின் வீட்டுப் பின்கட்டில் வைத்துப் பராமரித்து வருகிறோம். ஏறத்தாழ இரண்டு வயதிருக்கும். கால் எலும்பு கூடிவிட்டது; கருத்தடைத் தையலும் ஆறிவிட்டது. சென்னையில் நான்காம் மாடியில் வசிக்கும் குடும்பத்தார் தீபாவளிக்கு முந்தைய வாரம் அழைத்துச் செல்ல விரும்புகிறார்கள். தடுப்பூசி தவிர வேறு எவற்றைக் கவனித்து அனுப்ப வேண்டும்?

கால்நடை மருத்துவர், ஈரோடு:
முன்விவரம் தெரியாத வளர்ந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியோடு, பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை மூன்று, நான்கு வார இடைவெளியில் இருமுறை போடுவது வழக்கம். பலரும் கவனிக்காமல் விடுவது உண்ணிக் காய்ச்சலைத்தான். அதை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி உடலில் இருந்தும் நாய் நன்றாகத் தின்று வாலாட்டித் திரியக்கூடும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருப்பதைக் கண்டுதான் பல சமயம் ஐயமே எழுகிறது. உறுதியானால் டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள்கள் வரை கொடுக்க நேரும் என்பதால், பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். காது மடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்குகளையும் விரலால் தடவிப் பாருங்கள். தப்பிய உண்ணி புது வீட்டுச் சுவர் விரிசலில் முட்டையிட்டுவிடும். சென்னை மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை. அதை அசலாகவே கொடுத்தனுப்புங்கள்.

வேளச்சேரி வாசகர்:
தத்துப்போன தெரு நாய்கள் திருப்பி அனுப்பப்படுவதற்கு நோயைவிட அச்சமே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வழுக்கும் டைல்ஸ் தரை, மிக்ஸி இரைச்சல், பின்னால் அடைபடும் கதவு எல்லாம் அதற்குப் புதியவை. ஆகவே நாள்தோறும் கூடத்துக்குள் அழைத்து அங்கேயே உணவிடுங்கள். லிஃப்ட்தான் பெரும் சோதனை. கதவு திறந்ததும் நான்கு கால்களையும் பரப்பித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இழுக்காதீர்கள், திறந்த கதவின் முன் உட்கார்ந்து வேகவைத்த கோழித்துண்டு கொடுத்துப் பழக்கினால், உள்ளே ஏறுவது தானாக நடக்கும். மிரண்ட நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும் என்பதால், கழுத்து பெல்ட்டோடு மார்புப் பட்டையும் அணிவித்து, இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டுங்கள். தீபாவளிக்கு முன் அனுப்பவே வேண்டாம். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு முன்பின் அறியாத ஊரில் ஓடிவிட்டால், திரும்பி வர அதற்கு வழி தெரியாது.

மதுரைக்காரர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாம் பழகட்டும் என்று மாதக்கணக்கில் வைத்துக்கொண்டால், உங்களிடமே ஒட்டிக்கொண்டு பிரிவு கடினமாகும். தீபாவளி முடிந்ததும் அக்குடும்பத்தாரையே கோவைக்கு வரவழைத்து, அவர்கள் கையால் உணவிட்டு நடைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோல் குறைகளைப் பூசி மெழுகாதீர்கள். அது படுத்த சாக்கைத் துவைக்காமல், பழகிய வாசனையோடு கொடுத்தனுப்புங்கள். முதல் வாரம் இங்கே தின்ற உணவையே அங்கும் தரட்டும்.

பின்கட்டுவாசி, கோவை:
அனைவருக்கும் நன்றி. தீபாவளிக்குப் பிறகு வர ஒப்புக்கொண்டார்கள். குறை என்றால், சாப்பிடும்போது தட்டருகே யார் போனாலும் உறுமுகிறது. அவர்கள் வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது.

கால்நடை மருத்துவர், ஈரோடு:
அதை இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தட்டைப் பிடுங்கிப் பழக்கும் முறை உறுமலைக் கடியாக மாற்றிவிடும். தொலைவில் நின்றபடி தட்டருகே முட்டைத்துண்டு வீசிவிட்டு நகர்ந்துவிடுங்கள்; அது இறுக்கமின்றித் தின்னத் தொடங்கிய பிறகே மெல்ல மெல்ல நெருங்கலாம். புது வீட்டில் தனி அறையில், கதவைச் சாத்தி உணவிட வேண்டும். குழந்தையும் நாயும் பெரியவர் துணையின்றி ஒரே அறையில் இருக்கக் கூடாது. இதற்கு அவர்கள் தயங்கினால், குழந்தையில்லாத வேறு வீட்டைத் தேடுங்கள்.