கிம்லெட்: கார்டியல் இல்லாமல் செய்யலாமா?

மொட்டைமாடி: கிம்லெட் (ஜின்னும் எலுமிச்சையும் கலந்த காக்டெய்ல்) செய்ய ஜின் இருக்கிறது, எலுமிச்சை இருக்கிறது, ரோஸஸ் கார்டியல்தான் (சர்க்கரை சேர்த்துப் பதப்படுத்திய எலுமிச்சைச் சாறு) இங்கே கிடைக்கவில்லை. வெறும் சாறு போதுமா? அளவு என்ன?

ஐஸ்பெட்டி: போதும். ஜின் 60 மி.லி., சாறு 20, சர்க்கரைப் பாகு 20 (சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, கரைந்தால் போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம்). நம்ம ஊர்ச் சின்ன எலுமிச்சை நன்றாகப் புளிக்கும், அதனால் 15இல் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். ஐஸை மட்டும் நிறையப் போடுங்கள், 15 விநாடி குலுக்கி வடிகட்டுங்கள்.

பழையகப்பல்: கார்டியல் இல்லாவிட்டால் அது கிம்லெட்டே இல்லை என்பது என் கட்சி. 1867இல் லாக்லன் ரோஸ் மது சேர்க்காமல் சர்க்கரையிலேயே சாற்றைப் பதப்படுத்தக் காப்புரிமை வாங்கினார், ஸ்கர்வி நோய்க்கு (வைட்டமின் சி குறைவால் வருவது) பயந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அது வசதியாகப் போயிற்று. வீட்டிலேயே செய்யலாம்: பச்சைத் தோலை மட்டும் சீவி (வெள்ளைப் பகுதி கசக்கும்) சர்க்கரையில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் சாறு ஊற்றிக் கரைத்து வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மொட்டைமாடி: சரி, செய்கிறேன். ஷேக்கருக்குப் பதில் ஊறுகாய் பாட்டில்?

ஐஸ்பெட்டி: மூடி இறுக்கமாக இருந்தால் தாராளமாக. முதலில் முகர்ந்து பாருங்கள், பூண்டு வாடை லேசில் போகாது.