இரைப்பை அறுவைக்குப் பிறகு எலும்பு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

செம்பூரிலிருந்து:

அப்பாவுக்கு 2019இல் இரைப்பைப் புற்றுநோய். இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்தார்கள். அதன்பின் மூன்று வருடம் ஒவ்வொரு ஸ்கேனிலும் நோய் திரும்பியிருக்கிறதா என்று மட்டுமே பார்த்தோம். எலும்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

2022 மழைக்காலம். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் அப்பா ஒரு வாளியைத் தூக்கினார். நடுமுதுகில் சுரீரென்று வலி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்து நாளாகியும் குறையவில்லை. புற்றுநோய் வந்துபோன வீட்டில் முதுகுவலி என்றால் மனசு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். எலும்புக்குப் பரவிவிட்டது என்றே அம்மா முடிவு கட்டிவிட்டார். எம்ஆர்ஐ ரிப்போர்ட் கைக்கு வரும்வரை வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை.

பரவல் இல்லை. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது, அதில் ஒன்று பழையது. அதற்கு ஒரு வருடம் முன்பே சாமி அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். முதுகெலும்பு நசுங்கி உயரம் குறைந்திருக்கிறது. நாங்களோ வயசாகிறது என்று விட்டுவிட்டோம். அது இன்றும் உறுத்துகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், அந்த அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5க்கு இறங்கினாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை என்கிறார்கள்.

“ரத்தத்தில் கால்சியம் எப்போதும் நார்மலாகத்தானே இருந்தது?” என்று டாக்டரிடம் கேட்டேன். குடல் போதுமான கால்சியத்தை எடுக்காவிட்டால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து உருவி ரத்தத்தில் சேர்த்துவிடுமாம். ரத்தம் நிறைவாகவே இருக்கும், எலும்பு மட்டும் கரைந்துகொண்டிருக்கும். அந்தச் சுரப்பிகள் சுரக்கும் பிடிஹெச் என்ற ஹார்மோன், வைட்டமின் டி இரண்டையும் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அப்பாவுக்கு பிடிஹெச் ஏறியிருந்தது, வைட்டமின் டி வெறும் 9.

இத்தனைக்கும் கால்சியம் மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. ஆனால் அது கார்பனேட், நன்றாகக் கரைய இரைப்பை அமிலம் வேண்டும். அப்பாவுக்கு இரைப்பையே இல்லையே! கால்சியத்தை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடல் வழியாகவும் இப்போது சாப்பாடு போவதில்லை. அதனால் அமிலம் இல்லாமலும் உடம்பில் சேரும் கால்சியம் சிட்ரேட்டுக்கு மாற்றினார்கள். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட வேண்டாம் என்றார்கள்.

வைட்டமின் டியை முதலில் ஏற்றிய பிறகுதான் எலும்பு கரைவதைக் குறைக்க வருடத்துக்கு ஒருமுறை போடும் ஜோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்து டிரிப். அதற்கு முன் பல் டாக்டரிடமும் காட்டச் சொன்னார்கள். முதல் டிரிப்புக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் இருந்தன, தானாகவே சரியாகிவிட்டது.

தாராவியிலிருந்து:

தங்கச்சி, படித்ததும் கை நடுங்கியது. எனக்குப் பாதி இரைப்பையை எடுத்து நாலு வருடம் ஆகிறது. வயது 51, மாதவிலக்கும் நின்றுவிட்டது. பால் குடித்தால் உடனே வயிற்றுப்போக்கு, அதனால் விட்டுவிட்டேன். தயிர் ஒத்துக்கொள்கிறது. கேழ்வரகுக் கூழ், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளையில் பிரித்துச் சாப்பிடுகிறேன். எங்கள் சந்தில் வெயிலே விழாது. வைட்டமின் டிக்காக அக்கா வீட்டு மொட்டைமாடியில் பதினொரு மணிக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இதுவரை எனக்கு டெக்ஸா எடுக்கவே இல்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

செம்பூரிலிருந்து:

தாராளமாகக் கேளுங்கள் அக்கா. வயிற்று அறுவை, மாதவிலக்கு நின்றது, இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்கள் சாப்பாட்டு முறை நன்றாகவே இருக்கிறது, ஆனால் உள்ளே எவ்வளவு சேர்கிறது என்பதைப் பரிசோதனைதான் காட்டும். பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் கால் மரத்து நடை தடுமாறும், இந்த எலும்போடு விழக்கூடாது. அப்பாவுக்கு மாதம் ஒரு பி12 ஊசி போடுகிறோம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தியிருக்கிறோம். அவர் இப்போது தினமும் மாலை பார்க்கில் நடக்கிறார். வாளியை மட்டும் நான்தான் தூக்குகிறேன்.